ஓட்டில் 1865 என்று இருந்தால் வீட்டுக்கும் அதே வயதா?

கொங்குப் பகுதியில் தொட்டிக்கட்டு வீடுகளும் (நடுவில் தாழ்ந்த திறந்த முற்றமான 'தொட்டி' உள்ளவை) தோட்டத்துச் சாளைகள் என்ற பண்ணை வீடுகளும் ஒன்றொன்றாக உணவகங்கள் ஆகிவருகின்றன. அந்த வீடுகளின் வரலாற்றைச் சரியாகக் கண்டுபிடிப்பது எப்படி, வீட்டைக் கெடுக்காமல் அங்கே அடுப்பு மூட்டுவது எப்படி என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: தாத்தா காலத்துப் பண்ணை வீட்டை உணவகமாக்குகிறோம். கூரை ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் 'பாசல் மிஷன் டைல் ஒர்க்ஸ் 1865' என்று அச்சு இருக்கிறது. பெயர்ப்பலகையில் '1865 முதல்' என்று போடலாமா?
— வாசகர், பெருந்துறை

பதில்: போடாதீர்கள். அது ஓடு சுட்ட ஆண்டு அல்ல, ஆலை தொடங்கிய ஆண்டு. பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் முதல் ஓட்டாலையை நிறுவியது 1865இல். அதன் பிறகு பல பத்தாண்டுகள் அதே எண் அச்சில் இருந்தது. ஆல்புகர்க் கம்பெனி ஓட்டில் 1868 என்று காண்பதும் இப்படித்தான். முதல் உலகப்போரை ஒட்டி பாசல் மிஷன் ஆலைகள் கைமாறி 'காமன்வெல்த்' என்ற பெயருக்குப் போயின. ஆகவே 'பாசல் மிஷன்' என்றிருந்தால் ஓடு அந்தப் போருக்கு முந்தையது, 'காமன்வெல்த்' என்றிருந்தால் பிந்தையது என்று பொதுவாகக் கொள்ளலாம்.

அதுவும் ஓட்டின் வயதுதான். ஒரு வீட்டைப் பிரித்த ஓடு இன்னொரு வீட்டுக்குப் போவது வழக்கம். நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீட்டுக்குப் பின்னாளில் சீமை ஓடு போட்டிருப்பார்கள். எளிதில் இடம் மாறாத பொருள்களையும் சேர்த்துப் பாருங்கள். மச்சைத் தாங்கும் இரும்பு உத்திரத்தில் 'டாடா' என்று உருட்டிய எழுத்து இருந்தால் அது 1912க்கு முன்பு இருக்க முடியாது; டாடாவின் சாக்சி (இன்றைய ஜாம்ஷெட்பூர்) ஆலையில் எஃகு வார்க்கத் தொடங்கியது அந்த ஆண்டில்தான். மதுக்கரை சிமெண்ட் ஆலை 1934இல் வந்தது. கொங்குப் பகுதியில் வீட்டோடு சேர்ந்து போட்ட சிமெண்ட் தரையும் காவித் தரையும் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. பர்மா தேக்கு 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் நின்றுபோனது. பைக்காரா மின்சாரம் 1932இல் தொடங்கியது, கிணற்றுமேட்டு மோட்டார் அறை அதற்குப் பிந்தியதாகத்தான் இருக்கும்.

இப்படிக் குறைந்தது மூன்று சான்றுகள் ஒரே காலத்தைக் காட்ட வேண்டும். 1912க்குப் பிறகு, 1934க்கு முன்பு என்று வந்தால் '1920களை ஒட்டிக் கட்டிய வீடு' என்று பலகையில் எழுதுங்கள். சாப்பிட வருபவர்களில் ஓடு தெரிந்தவர் ஒருவர் இருப்பார். ஓர் எண் பொய்யென்று தெரிந்தால் மற்றதையும் அவர் நம்பமாட்டார்.

கேள்வி: தலைவாசல் நிலையில் 'ராட்சச வருஷம் தை மாசம்' என்று செதுக்கியிருக்கிறது. ஆங்கில ஆண்டு எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, தாராபுரம்

பதில்: தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். ராட்சச 1855, 1915, 1975 ஆகியவற்றின் சித்திரையில் பிறந்தது. தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும் என்பதால் உங்கள் கல்வெட்டு 1856, 1916, 1976 மூன்றில் ஒன்று. எது என்று வீட்டின் மற்றப் பொருள்கள்தான் சொல்லும். மேலே சொன்ன சான்றுகளோடு பொருத்திப் பாருங்கள்.

நிலையில் கலியாண்டு இருந்தால் 3101ஐக் கழியுங்கள், சக ஆண்டு இருந்தால் 78ஐக் கூட்டுங்கள். தமிழ் எண்கள் இருந்தால் ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து: ௲௯௱௰௬ என்பது 1916. நிலையைத் தேய்த்துப் பாலிஷ் போடும் முன் இந்த எழுத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துவிடுங்கள். மணல்தாள் பட்டால் முதலில் போவது ௱, ௰ ஆகியவற்றின் மெல்லிய வளைவுகள்தான்.

கேள்வி: வில்லங்கச் சான்று எடுத்தோம், வீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வேறு எங்கே தேடுவது?
— வாசகர், காங்கேயம்

பதில்: வில்லங்கச் சான்றில் பதிவான பரிமாற்றம் மட்டுமே வரும். அப்பாவிடமிருந்து மகனுக்கு வாரிசாக இறங்கிய சொத்து அதில் தெரியாது. இணையத்தில் கிடைப்பதும் பொதுவாக 1975க்குப் பிந்தையது. முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையெழுத்து அட்டவணைகளில் தேடச் சொல்ல வேண்டும். பத்திர எண் தெரியாவிட்டால் பெயர் வரிசை அட்டவணையில் கொள்ளுத் தாத்தா பெயரை எழுதிக்கொடுத்துத் தேடச் சொல்லலாம்.

நீங்கள் முதலில் தேட வேண்டியது பாகப்பிரிவினைப் பத்திரம். கிரயப் பத்திரத்தில் நிலத்தின் அளவும் மாலும் (நான்கு பக்க எல்லையும்) போதும் என்று விட்டுவிடுவார்கள். அண்ணன் தம்பி பிரித்துக்கொண்ட பத்திரத்தில் 'ஓட்டுவில்லை வீடு', 'கூரைச் சாளை', 'கட்டுத்துறை', 'கிணற்றில் பாதி', 'இட்டேரிக்குத் தெற்கு' என்று ஒவ்வொன்றும் வரும். 1920இல் கூரைச் சாளை, 1938இல் ஓட்டுவில்லை மச்சு வீடு என்று இரண்டு பத்திரங்கள் கிடைத்தால், இடைப்பட்ட 18 ஆண்டில் வீடு எழும்பியது என்பது உறுதி.

வருவாய்த்துறைப் பக்கம் 'அ' பதிவேடு, புலப்பட வரைபடம், பழைய அடங்கல் மூன்றையும் கேளுங்கள். அடங்கலில் எந்தப் போகத்தில் என்ன பயிர் என்று இருக்கும். உணவகத்துக்கு அதைவிடப் பயனுள்ள ஆவணம் இல்லை. 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் சர்வே எண் உட்பிரிவு மாறியிருக்கலாம். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும் பட்டியல் இல்லாமல் தேடினால் பக்கத்துத் தோட்டத்தின் வரலாற்றைத்தான் எடுத்து வருவீர்கள்.

கேள்வி: வீட்டின் பழைய அடுக்களையையே உணவகச் சமையலறை ஆக்கலாமா? இடம் பெரிதாகத்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் பின்னால் மாட்டுக் கட்டுத்துறை சும்மா கிடக்கிறது.
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அடுக்களை வேண்டாம். இது இந்தப் பகுதியில் எங்களுக்கு மிக உறுதியாக இருக்கும் கருத்து. இருபது பேருக்குக் காலையும் மாலையும் விறகில் சமைத்த இடம் அது. உணவகத்தில் பன்னிரண்டு மணி நேரம் எண்ணெய் ஆவியும் நீராவியும் எழும். எண்ணெய் ஆவி சுண்ணாம்புச் சுவரின் நுண்துளைகளை அடைத்துவிட்டால் பிறகு எந்தச் சுண்ணாம்பு வெள்ளையும் அதில் ஒட்டாது. ஓட்டைத் தாங்கும் ரீப்பரும் கைமரமும் எண்ணெய் ஊறினால் ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். நீராவி ஓட்டின் அடியில் குளிர்ந்து சொட்டி, மரத்தின் தலைப்பை உளுக்க வைக்கும். பழைய அடுக்களையைப் பரிமாறும் அறையாகவோ, காபி போடும் இடமாகவோ வையுங்கள்.

கட்டுத்துறை நல்ல இடம். ஆனால் அங்கே ஒரு சிக்கல் உண்டு. தலைமுறைக்கணக்கில் மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணிலும் சுவரிலும் உப்பு நிறைந்திருக்கும். நேரே டைல்ஸ் ஒட்டினால் ஒரு மழைக்காலத்தில் கழன்றுவிடும். தரை மண்ணை 30 செ.மீ. வெட்டி எடுத்துவிட்டு, ஜல்லிப் படுக்கையும் கனமான பிளாஸ்டிக் தாளும் போட்டு, மேலே கான்கிரீட் போடுங்கள். பழைய சுவரில் எதையும் ஒட்டாமல், 5 செ.மீ. இடைவெளி விட்டு உள்ளே தனிச்சுவர் எழுப்புங்கள். இடைவெளியின் மேலும் கீழும் காற்றுத் துளை வேண்டும். புகைக்கூண்டு அடுப்பைவிட எல்லாப் பக்கமும் 15 செ.மீ. நீண்டிருக்கட்டும். குழாய் கட்டுத்துறையின் பக்கச்சுவர் வழியே போகட்டும், வீட்டுக் கூரையை நெருங்க வேண்டாம்.

அடுத்தது கழிவுநீர். எண்ணெய்ப் பிடிதொட்டிக்கு எளிய கணக்கு: இரண்டு கழுவுதொட்டிகள் ஒரே நேரத்தில் திறந்தால் நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தொட்டியில் அரை மணி நேரம் தங்கினால்தான் எண்ணெய் மேலே மிதக்கும். ஆக, 900 லிட்டர். மூன்று அறைகளாகப் பிரியுங்கள். பாத்திரம் கழுவும் சூடான தண்ணீர் நேரே விழுந்தால் எண்ணெய் உருகி அடுத்த அறைக்கு ஓடிவிடும். கழுவுமிடத்துக்கும் தொட்டிக்கும் நடுவே சில மீட்டர் குழாய் இருந்தால் தண்ணீர் ஆறிவிடும். மேலே மிதப்பதும் அடியில் படிவதும் சேர்ந்து ஆழத்தில் கால்பங்கு ஆனவுடன் வாரிவிட வேண்டும். உறிஞ்சுகுழி கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். கவலை ஓட்டிய (மாடு கட்டி நீர் இறைத்த) பழைய கிணறு வறண்டு கிடக்கிறதே என்று அதில் கழிவைத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது சுற்றிலும் உள்ள எல்லாத் தோட்டத்துக் கிணறுகளிலும் ஊற்றுவதற்குச் சமம்.

சமையல் வாயு உருளைகள் வெளியே, தரைமட்டத்துக்கு மேல், காற்றோட்டமான கம்பிக் கூண்டில். 19 கிலோ உருளை ஐந்து என்றால் 95 கிலோ. 100 கிலோவைத் தாண்டினால் வெடிபொருள் துறை உரிமம் தேவை. எரிவாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். தொட்டிக்கட்டு வீட்டின் தொட்டி அறைகளைவிடத் தாழ்ந்தது. அதன் அருகே உருளையோ, மேசை அடுப்போ வைக்கவே கூடாது.

கேள்வி: ஆசாரத்து (கூடத்து) சுவரில் பழைய பூச்சை உதிர்த்து சிமெண்ட் பூசினோம். ஓராண்டில் இடுப்பளவு உயரத்துக்குப் பொரிந்து கொட்டுகிறது. நீர்புகாப் பூச்சு அடித்தால் நின்றுவிடும் என்கிறார் பெயிண்டர்.
— வாசகர், அவிநாசி

பதில்: நிற்காது, ஏறும். பழைய சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. மண்ணின் ஈரம் சுவரில் ஏறி, சுண்ணாம்புப் பூச்சு வழியே காற்றில் ஆவியாகிக்கொண்டிருந்தது. அந்த வழியைச் சிமெண்ட் அடைத்தது. ஈரம் இன்னும் உயரம் தேடி ஏறியது, வழியில் உப்பைப் பூச்சுக்குப் பின்னால் படியவைத்தது. உப்பு படிகமாகும்போது பெருத்துப் பூச்சைத் தள்ளுகிறது. மேலே நீர்புகாப் பூச்சும் அடித்தால் ஈரம் உத்திரத்தின் தலைப்புவரை போகும்.

முதலில் வெளியே போய்ப் பாருங்கள். வாகனம் நிறுத்த முற்றத்தை உயர்த்திச் சிமெண்ட் கல் பதித்திருப்பீர்கள். வெளித்தரை உள்தரையைவிடக் குறைந்தது 15 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். சுவரை ஒட்டி ஒரு மீட்டர் அகலத்துக்குக் கல்லைப் பெயர்த்து ஜல்லி நிரப்புங்கள். தாழ்வாரத்துத் தண்ணீர் சுவரில் தெறிக்கிறதா என்று மழையில் நின்று பாருங்கள்.

பிறகு சுவர். ஈரக் கோட்டுக்கு மேல் அரை மீட்டர்வரை சிமெண்டை உளியால் மெதுவாக எடுங்கள், இயந்திரம் வேண்டாம். சந்துகளை 15 முதல் 20 மி.மீ. ஆழம் சுரண்டுங்கள். சந்துச் சாந்தைத் தண்ணீரில் நனைத்தால் களிமண்ணாகக் குழைந்தால் அது மண்சாந்துச் சுவர், அங்கே இன்னும் பொறுமை தேவை. வெண்ணிற உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் பிடித்து, வெளியே கொட்டுங்கள். தண்ணீரால் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். மாசி முதல் சித்திரைவரை சுவரைத் திறந்தே காயவிடுங்கள். திறப்புவிழாத் தேதி குறித்துவிட்டு இந்த வேலையைத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

சுண்ணாம்பை நீற்றி மூன்று வாரமாவது தண்ணீர் மூடி வையுங்கள். அடிப்பூச்சுக்குச் சுண்ணாம்பு 1, மணல் 3. ஈரம் மிகுந்த கீழ்ப்பகுதிக்கு சுண்ணாம்பு 1, சுர்க்கி என்ற செங்கல் தூள் 1, மணல் 2. கனம் 10 மி.மீ. மேல்பூச்சு 1க்கு 2, கனம் 5 மி.மீ. ஒவ்வொரு பூச்சையும் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு ஒரு வாரம் நனைத்து வைக்க வேண்டும். வெயிலில் வேகமாகக் காய்ந்தால் வெடிப்பு விடும். கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்ப்பது நல்ல வழக்கம், அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். வெல்லம் மிகுந்தால் பூச்சு இறுக நாளாகும், அடைமழையில் பூஞ்சை பிடிக்கும். ஒரு சதுர மீட்டர் மாதிரி போட்டு இரண்டு வாரம் பார்த்த பிறகு மற்றச் சுவருக்குப் போங்கள். மேலே நீர்த்த சுண்ணாம்பு வெள்ளை மூன்று முறை. புட்டியும் எமல்ஷனும் வேண்டாம்.

இந்தப் பூச்சும் இரண்டு மூன்று ஆண்டில் அடியில் உதிரலாம். சுவரில் மிச்சமிருக்கும் உப்பை வெளியே இழுத்துக்கொண்டு வருவதுதான் அதன் வேலை. உதிர்ந்த இடத்தை மட்டும் திரும்பப் பூசுங்கள்.

கேள்வி: தொட்டியைச் சுற்றி நான்கு மூலையிலும் ஒழுகுகிறது. ஓடு மாற்றியும் பயனில்லை.
— வாசகர், பல்லடம்

பதில்: மூலையில் ஒழுகினால் குற்றம் ஓட்டில் இருப்பது அரிது. இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் கால்வாய்த் தகட்டைப் பாருங்கள். துத்தநாகம் பூசிய பழைய தகடு, இலைச்சருகு தேங்கும் இடத்தில் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும். புதுத் தகடு இரண்டு பக்கமும் ஓட்டுக்கு அடியில் 15 செ.மீ. நுழைய வேண்டும், ஓரத்தை மேல்நோக்கி மடித்திருக்க வேண்டும்.

ஓடு மாற்றியதே புது ஒழுகலுக்குக் காரணமாகவும் இருக்கலாம். ஒரு கம்பெனி ஓட்டின் காடியில் இன்னொரு கம்பெனி ஓடு சரியாக உட்காராது. ஒரு சரிவுக்கு ஒரே கம்பெனி ஓடு என்று பிரித்து அடுக்குங்கள். ரீப்பர் இடைவெளியைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல், உங்கள் ஓட்டில் பத்தைத் தரையில் கோத்து வைத்து அளந்து எடுங்கள். தட்டினால் மணிபோலக் கேட்கும் ஓடு நல்லது, மத்தென்று கேட்டால் விரிசல் உண்டு. ஒழுகலை நிறுத்த ஓட்டின் மேல் சிமெண்ட் பூசுவது கடைசிவரை வேண்டாம். அந்தப் பாரத்தில் கைமரம் தொய்ந்து, எல்லா ஓடும் வாய் திறக்கும்.

கேள்வி: தொட்டியின் மேல் கண்ணாடி போட்டு ஏ.சி. வைக்கலாமா? மச்சில் நாற்பது பேர் உட்காரும்படி மேசை போடலாமா?
— வாசகி, ஈரோடு

பதில்: இரண்டும் வேண்டாம். தொட்டி வழியே வெப்பக்காற்று மேலே போவதால்தான் தாழ்வாரம் குளிர்ச்சியாக இருக்கிறது. மூடினால் சுவரின் ஈரமும் உள்ளேயே நிற்கும். மழைக்கு வேண்டுமானால் நான்கு பக்கமும் காற்று போகும்படி உயர்த்திய தகட்டுப் பந்தல் போதும். மச்சுக்கு இந்தியத் தரவிதி கணக்கு: குடியிருக்கும் அறைக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ, உணவகத்துக்கு 400 கிலோ. தானியமும் தட்டுமுட்டும் வைத்த பழைய மச்சு இரண்டு மடங்கைத் தாங்குமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் உத்திரத்தின் தலைப்பைச் சுவரில் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வி: தோட்டத்துக்கு விலையில்லா மின்சாரம் இருக்கிறது. அதிலேயே உணவகத்தை ஓட்டலாமா?
— வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: கூடாது. வணிக இணைப்பு தனியாக வாங்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரை உணவகத்துக்கு இறைக்கும் மோட்டாருக்கும் இது பொருந்தும். விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற நகர் ஊரமைப்புத் துறையின் இசைவும், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ முன்கூட்டியே வேண்டும். உரிமத்துக்குத் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். கொங்குக் கிணறுகளில் உப்புச்சத்து மிகுதி. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் போனால் சுத்திகரிப்புக்குச் செலவு ஒதுக்குங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் எங்கட நடுமுற்றம் வைத்த நாற்சார் வீட்டைச் சாப்பாட்டுக் கடையாக்க யோசிக்கிறம். மேலே சொல்வதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?
— வாசகர், கோப்பாய்

பதில்: ஓட்டு எழுத்து பற்றிச் சொன்னது பொருந்தும், மங்களூர் ஓடு கப்பலில் இலங்கைக்கும் வந்தது. கூரைக்குப் போடும் பனஞ்சலாகையில் வெளிப்புற வைரம்தான் பலம். குழாய் கொண்டுபோக அதில் வெட்டுப் போட்டால் பலம் போய்விடும். கழிவுநீரில் மட்டும் எங்கள் 18 மீட்டர் கணக்கை நம்பாதீர்கள். யாழ்ப்பாணத்தின் அடிநிலம் வெடிப்பும் துளையுமான சுண்ணாம்புக்கல், உறிஞ்சுகுழியில் விடுவது விரைவில் கிணற்றுக்குப் போகும். அடைத்த தொட்டி வைத்து, வண்டியில் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: வீட்டின் வரலாற்றைச் சுருக்கமாக உணவுப் பட்டியலில் அச்சிட ஆசை. எதை எழுதுவது, எதை விடுவது?
— வாசகி, பவானி

பதில்: பரம்பரைப் பெருமையைக் குறைத்து நிலத்தைப் பற்றி எழுதுங்கள். உங்கள் பூமி கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருந்தால், 1950களுக்கு முன்பு அங்கே என்ன விளைந்தது, பிறகு என்ன விளைந்தது என்பதே ஒரு பக்கத்துக்கு வரும். கம்பும் சோளமும் அன்றாடம், நெல்லுச்சோறு நோம்பிக்கு என்று இருந்த வீட்டில் அப்படியே எழுதுங்கள். பிராய்லர் கோழி வறுவலை 'கொள்ளுப்பாட்டி கைப்பக்குவம்' என்று போடாதீர்கள்.

கிணறு வெட்டியவர்கள், கவலை ஓட்டியவர்கள், கட்டுத்துறை கூட்டியவர்கள் பெயர் எந்தப் பத்திரத்திலும் இராது. அவர்களில் பலருக்குத் திண்ணையைத் தாண்டி உள்ளே வர உரிமை இருக்கவில்லை, சாப்பாடும் தனிப் பாத்திரத்தில் வெளியே கொடுக்கப்பட்டது. உங்கள் வீட்டில் அப்படி நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள். அந்தக் குடும்பங்கள் பெரும்பாலும் பக்கத்து ஊரிலேயே இருக்கும். அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள், பெயர் போட அனுமதி வாங்குங்கள். கிணறு எத்தனை ஆள் ஆழம், வாரி (கவலை மாடு இறங்கும் சரிவு) எந்தப் பக்கம் இறங்கியது, கட்டுத்துறையில் எத்தனை சோடி எருது நின்றது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.